"அனைவருக்காகவும்" என்ற சொல்லை மன்றாட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

9 மார்ச் 2025, ஞாயிறு இரவு

ஒரு கேள்வி. பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தெரியாதவர்களும் சொல்லுங்கள்.

இன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) முறை என்பதால் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டை, அதாவது மக்கள் சார்பில் சொல்லும் வேண்டுதல்களை, நான் வாசித்தேன். "உலகெங்கும் துன்புறும் அனைவருக்காகவும், நோயாளிகள், ஏழைகள், கைவிடப்பட்டோர் அனைவருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்." நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அடுத்தது மழைக்காக.

தாளிலிருந்து கண்ணை எடுத்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு தங்கச்சி, மடியில் கைக்குழந்தை. அவள் வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அவள் வாய் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் எனக்குத் தெரியும். போன படகும் தெரியும். நான் வாசித்த தாளில் அதெல்லாம் எதுவும் இல்லை.

ஆகவே கேட்கிறேன். இந்த "அனைவருக்காகவும்" என்ற சொல்லை நாம் எடுத்துவிட்டால் என்ன? பெயர் சொல்ல முடிந்தவருக்காக மட்டும் மன்றாடினால் என்ன? அனைவருக்காகவும் என்று சொல்லும்போது யாருடைய முகமும் என் மனதில் வருவதில்லை. நாற்பது வருடமாக வாசிக்கிறேன், இன்றைக்குத்தான் அது உறைத்தது.

10 மார்ச்

மன்றாட்டுக்கு ஒழுங்கு இருக்கிறது, இஷ்டத்துக்கு எழுத முடியாது என்று ஒரு சகோதரர் சொல்கிறார். உண்மைதான். நான்கு வகை: திருச்சபையின் தேவைகள், நாட்டை ஆள்பவர்களும் உலகத்தின் மீட்பும், ஏதேனும் ஒரு துன்பத்தால் நசுங்கிக் கிடப்பவர்கள், கடைசியாக உள்ளூர்ச் சமூகம். இந்த வரிசையில் பெயர் சொல்லக் கூடாது என்று எங்கே இருக்கிறது? சிறையில் இருப்பவர் மூன்றாவதில் வருவார், அவர் மனைவி நான்காவதில் வருவாள்.

இந்த மன்றாட்டே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் புதிதாகக் கொண்டுவந்ததுதான். மக்களுடைய பங்கு என்று கொடுத்தார்கள். மக்களுடையது என்றால் மக்களுடைய ஊர், மக்களுடைய கண்ணீர் அதில் இருக்க வேண்டாமா? அச்சடித்த புத்தகத்திலிருந்து அப்படியே வாசித்துவிட்டுப் போகிறோம்.

அதே நாள், இரவு

திருத்தம். "புதிதாக" என்று எழுதியது தவறு. ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர், நாங்கள் சாமி என்போம், போனில் கூப்பிட்டுச் சொன்னார். இது திருச்சபையின் பழைய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் உரோமையில் நடந்த ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதும்போது, எல்லாரும் சேர்ந்து எழுந்து எங்கும் உள்ள எல்லாருக்காகவும் மன்றாடுவதைச் சொல்கிறார். பிறகு உரோமைத் திருப்பலியிலிருந்து அது மெல்ல மறைந்துபோனது. பெரிய வெள்ளியன்று மட்டும் தங்கியது. சங்கம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

"எல்லாருக்காகவும்" என்று யுஸ்தீனும் சொல்கிறாரே, அவரிடமும் சண்டைக்குப் போவாயா என்று கேட்டார் சாமி. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

12 மார்ச்

யோசித்தேன். அப்போது அம்மா நினைவுக்கு வந்தாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. அவள் சிறுமியாக இருந்தபோது பூசை இலத்தீனில். சாமி பீடத்தைப் பார்த்து நின்று செபிப்பார், பின்னால் பெண்கள் செபமாலை உருட்டுவார்கள். உலகத்துக்காகச் செபிப்பது வீட்டில்தான், இரவில், விளக்கு வைத்த பிறகு. செபமாலை முடிந்ததும் பாட்டி ஒரு வரிசை சொல்வாளாம். கடலில் இருப்பவர்கள். கரையில் காத்திருப்பவர்கள். வழியில் நடப்பவர்கள். சாகக் கிடப்பவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அருள்நிறைந்த மரியே.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாளிலிருந்து வீட்டு வரிசையில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது: ரயிலில் போனவர்கள். அறுபது வருடமாகச் சொல்கிறாள். அந்த ரயிலில் எங்கள் சொந்தம் யாரும் இல்லை. ஒருவர் பெயரும் அம்மாவுக்குத் தெரியாது.

அப்படியானால் பெயர்தான் முக்கியம் என்று நான் சொன்னது? அம்மாவின் வரிசையில் பெயர் இல்லை. "அனைவர்" என்ற சொல்லும் இல்லை. ஆனால் கடலில் இருப்பவர் என்று அவள் சொன்னால் எனக்கு அலை தெரிகிறது.

இன்னொன்று, மறந்துவிடுமுன் எழுதுகிறேன். இயேசு கூட்டத்தைப் பார்த்துப் "பரிவு கொண்டார்" என்று திருவிவிலியத்தில் படிக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பில் "மனதுருகி". இரண்டும் நல்ல தமிழ். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் குடல் என்ற சொல்லிலிருந்து வந்தது. எபிரேயத்தில் இரக்கத்துக்கான சொல் கருப்பையோடு சேர்ந்தது. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். படகு திரும்பாத வீட்டு வாசலில் நிற்கும் கிழவி "பெத்த வயிறு பத்தி எரியுதே" என்றுதானே கத்துகிறாள். அவள் சொல்வதும் அந்தச் சொல்லும் ஒன்றுதான்.

16 மார்ச், ஞாயிறு

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்விட்டு நேற்று மாலை வந்து சேர்ந்தேன். உடம்பு வலி. ஆனால் எழுதாமல் தூங்க முடியாது.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். வருடத்தில் அந்த இரண்டு நாள்தான். அனுமதிச் சீட்டு, சோதனை, படகில் வெயில். தீவில் குடிதண்ணீர் கிடையாது. வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, பூசை, தேர்ப்பவனி. சனி காலையில் திருவிழாப் பூசை முடிந்ததும் அவரவர் படகு. யாழ்ப்பாண மறைமாவட்டம்தான் நடத்துகிறது. இந்தக் கரைச் சாமிகளும் அந்தக் கரைச் சாமிகளும் ஒரே பீடத்தில் நிற்பார்கள். கீழே மணலில் நாம் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்போம். யார் எந்தக் கரை என்று வாய் திறந்தால்தான் தெரியும்.

தேர் முடிந்து ஒரு மரத்தடியில் துண்டை விரித்தேன். பக்கத்தில் யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்க்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு பனங்கட்டியை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தாள். நாங்கள் கருப்பட்டி என்போம் என்றேன், சிரித்தாள். கொடுத்த கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் ஓரம் முழுக்க வலை ஊசி பட்டுக் காய்த்துப்போய், நகத்தின் பக்கத்தில் நூல் அறுத்த கோடுகள். வலை பொத்துகிற, அதாவது கிழிந்த வலையைத் தைக்கிற கை. என் அம்மா கையும் அப்படித்தான்.

நிறைய வேலையா என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"உங்கட றோலருகள் வந்து போனா விடியக்காலம் எங்கட வலை துண்டு துண்டாத்தான் கிடக்கும் அக்கா. கடன் வாங்கிப் போட்ட வலை."

றோலர் என்றால் நம் இழுவை மடி விசைப்படகு. கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பது போலச் சொன்னாள். என் தம்பி விசைப்படகில் போகிறவன் என்று நான் சொன்னேன். அதை மறைக்க அந்த இடத்தில் எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அப்புறம் அவள் கேட்டாள்: "உங்கட ஆக்கள் இங்க மறியலில கிடக்கேக்க எங்கட பங்கில மன்றாட்டு வைச்சனாங்கள். அவையளுக்கும் பிள்ளைகள் இருக்குதுதானே. நீங்களும் எங்களுக்குச் செபிக்கிறனீங்களோ?" மறியல் என்றால் அவர்கள் பேச்சில் சிறை.

"அனைவருக்காகவும்" என்று வாசிக்கிறோம், அதில் நீயும் இருக்கிறாய் அம்மா என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. அந்தச் சொல்லுக்குள் அவளை நான் ஒரு நாளும் வைத்ததில்லை.

17 மார்ச்

நேற்றைய குறிப்புக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. "நம் ஆட்களைச் சுடுகிறான், பிடிக்கிறான், படகை நாட்டுடைமை ஆக்குகிறான், நீ அவனுக்குச் செபிக்கச் சொல்கிறாய்" என்று எழுதியவருக்கு: சுட்டவனைப் பற்றி நான் பேசவில்லை. 2017 மார்ச்சில் நம் பையன் ஒருவன் நடுக்கடலில் சுடப்பட்டு இறந்தபோது தங்கச்சிமடத்தில் நடந்த போராட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாயின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் பேசுவது வலை பொத்துகிற பெண்ணைப் பற்றி.

நடந்தது நமக்குத் தெரியும். சண்டை நடந்த வருடங்களில் அந்தக் கரை ஆட்களைக் கடலில் இறங்க விடவில்லை. நம் படகுகள் அவர்கள் கடல்வரை போய்ப் பழகின. 2009இல் சண்டை ஓய்ந்ததும் அவர்கள் சின்ன வலையோடு திரும்பி வந்தார்கள். அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகிற இழுவை மடிக்குச் சின்ன வலை தெரியாது. 2017இல் அவர்கள் நாட்டில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம் விசைப்படகுக்காரருக்கும் வட்டி இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, பிள்ளை படிப்பு இருக்கிறது. என் தம்பி வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. இரண்டும் உண்மை. அதனால்தான் இது மன்றாட்டில் வரவேண்டிய விஷயம் என்கிறேன்.

18 மார்ச்

"செபம் செய்தால் வலை திரும்பி வருமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வராது.

30 மார்ச்

நேற்று அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு எழுத உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை மியான்மரில் நிலநடுக்கம், 7.7. அதைச் சேர்க்கலாம் என்றேன். நம் ஊரில் இல்லாத கஷ்டமா, பர்மா எதற்கு என்று ஒருவர் கேட்டார். மூலையில் இருந்த தாத்தா அதுவரை வாய் திறக்கவில்லை. "எங்கப்பா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்" என்றார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காட்டு வழியாக நடந்து வந்த கூட்டத்தில் இராமநாதபுரத்துச் சீமை ஆட்கள் நிறைய. வழியில் யாரோ ஒரு பர்மாக்காரி கொடுத்த சோற்றுக் கட்டியைப் பற்றி அவர் அப்பா சாகும்வரை பேசுவாராம். மியான்மர் சேர்ந்தது.

அப்புறம் காசா என்றது ஒரு பிள்ளை. சேர்த்தோம். சூடான், உக்ரைன். பட்டியல் நீண்டது. எனக்கே மூச்சு முட்டியது. எழுத எழுத ஒவ்வொரு பெயரும் லேசாகிக்கொண்டே போனது. பெயர் சொன்னால் போதும் என்று முதல் நாள் வீறாப்பாக எழுதினேனே, பத்துப் பெயரை அடுக்கினால் அதுவும் "அனைவர்" ஆகிவிடுகிறது. கடைசியில் இரண்டோடு நிறுத்தினோம்: மியான்மர், சிறையில் இருக்கும் நம் ஆட்கள். அந்தத் தங்கச்சியிடம் முன்பே கேட்டுவிட்டு அவள் வீட்டுக்காரர் பெயரையும் வாசித்தோம். இன்று அவள் பதில் சொன்னாள், சத்தமாகவே.

2022 மார்ச்சில் இலங்கையில் விலைவாசி தலைக்கு மேல் போய், பால் பவுடர் கிடைக்காமல், குழந்தைகளோடு படகேறி அரிச்சல்முனைப் பக்கம் மணல்திட்டுகளில் வந்து இறங்கினார்களே, அதுவும் நினைவுக்கு வந்தது. அந்த ஞாயிறு அவர்களுக்காக மன்றாடினோம். பூசை முடிந்து வாசலிலேயே ஓர் அக்கா முந்தானையில் காசு வசூலித்தாள். பால் பவுடர், பிள்ளைத் துணி, சோப்பு வாங்கிக்கொண்டு மண்டபம் முகாமுக்குப் போனோம். "சமாதானமாகப் போங்கள், குளிர்காயுங்கள், பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பயன் என்று விவிலியத்தில் யாக்கோபு கேட்கிறார். அன்றைக்கு மன்றாட்டுக்கும் வசூலுக்கும் நடுவில் இருபது நிமிடம்கூட இல்லை. மன்றாடியிருக்காவிட்டால் அந்த அக்கா முந்தானையை விரித்திருப்பாளா, தெரியவில்லை. மேலே "வராது" என்று ஒரே சொல்லில் எழுதியதை முழுசாகத் திரும்பப் பெறவில்லை. கொஞ்சம் தளர்த்துகிறேன்.

6 ஏப்ரல்

இன்று பாம்பன் புதுப் பாலம் திறப்பு. ஊரே கரையில். அம்மாவை நாற்காலியோடு வாசலில் உட்கார வைத்தோம். ரயில் போகும்போது எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு "ரயிலில் போனவங்களுக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

19 ஏப்ரல், பெரிய சனி

மீன்பிடித் தடைக்காலம் 15ஆம் தேதி ஆரம்பித்துவிட்டதால் நேற்று ஆண்கள் எல்லாரும் கரையில். கோவில் கொள்ளவில்லை.

பெரிய வெள்ளி மன்றாட்டு ஒன்பது என்று யாரிடமோ சொல்லியிருந்தேன். பத்து. நேற்று எண்ணினேன். திருச்சபையில் தொடங்கி, யூத மக்கள், கிறிஸ்துவை நம்பாதவர்கள், கடவுளையே நம்பாதவர்கள், ஆள்பவர்கள் என்று போய், பத்தாவது துன்புறுவோருக்கு. அதை முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். நோய் நீங்கட்டும், பசி ஒழியட்டும், சிறைக்கதவுகள் திறக்கட்டும், கட்டுகள் அவிழட்டும், பயணம் போனவர்களுக்குப் பாதுகாப்பு, வெளியூரில் இருப்பவர்கள் வீடு திரும்பட்டும், நோயாளிக்குச் சுகம், சாகிறவர்களுக்கு மீட்பு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அம்மாவின் வரிசை இது! வழியில் நடப்பவர், சாகக் கிடப்பவர். அந்த ஓய்வுபெற்ற சாமிக்குப் போன் போட்டேன். இன்னொன்று கேள் என்றார். சங்கத்துக்கு முன்னால் இருந்த இலத்தீன் வடிவத்தில், கடலில் போகிறவர்களுக்குக் கரைசேரும் துறைமுகம் கிடைக்கட்டும் என்றும் ஒரு வரி இருந்ததாம். அம்மாவிடம் சொன்னேன். "பின்னே, அதை விட்டா எப்படி?" என்றாள்.

இன்னொன்றும் கவனித்தேன். பெரிய வெள்ளியில் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் நடுவில் முழந்தாளிட்டு மௌனம். பதில் சொல்ல அவசரம் இல்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குப் பனங்கட்டி கொடுத்த கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் மூச்சு விடுகிற நேரம்கூடக் கொடுப்பதில்லையே. நான் எடுக்கச் சொன்ன சொல்லைவிட, விட்டுப்போன அந்த மௌனம்தான் பெரிய குறை என்று இப்போது நினைக்கிறேன்.

21 ஏப்ரல், இரவு

பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். நேற்றுத்தான் உயிர்ப்பு ஞாயிறு ஆசீர் கொடுத்தார். மாலையில் கோவில் மணி அடித்தபோது கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

2013 ஜூலையில் உரோமையை விட்டு அவர் வெளியே போன முதல் பயணம் இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்கு. கடலில் மூழ்கிச் செத்த அகதிகளுக்காக. கடலில் மலர் வளையம் விட்டார். படகையே பீடமாக்கிப் பூசை வைத்தார்கள். இவர்களுக்காக யார் அழுதது என்று கேட்டார். எங்கள் கடலைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருக்கும் எனக்கு. 2020 மார்ச் 27 அன்று கொரோனாவில், மழையில், ஆள் இல்லாத பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று உலகத்துக்காக மன்றாடினார். அன்று வாசித்தது மாற்கு 4, கடலில் புயல், படகில் இயேசு தூங்குகிறார். நாம் எல்லாரும் ஒரே படகில் என்றார். எங்கள் வீட்டில் டிவி முன்னால் எட்டுப் பேர் முழந்தாளில் இருந்தோம். காசாவில் இருக்கும் சின்னப் பங்குக்கு இரவு இரவாகப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். உலகத் திருச்சபைக்கே தலைவர், ஒரு பங்கில் இருந்தவர்களிடம் இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார்.

26 ஏப்ரல்

நாளை இறை இரக்க ஞாயிறு. மறுபடி எங்கள் முறை. பங்குச்சாமியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒவ்வொரு மன்றாட்டுக்குப் பிறகும் சிறிது மௌனம். அந்தக் கரைக்காக ஒரு மன்றாட்டு. எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. ஊரும் சரியாகத் தெரியாது. பனங்கட்டியைத் தின்றேன், கையைப் பார்த்தேன், பெயர் கேட்கவில்லை. இரவு பதினொன்றரை மணிக்குத் தாளில் எழுதியது இது:

"கடலுக்கு அந்தக் கரையில், எங்கள் படகுகளால் வலை இழந்து, கடனோடு விடியலில் வலை பொத்தும் பெண்கள் அனைவருக்காகவும், அவர்கள் பிள்ளைகளுக்காகவும், உம்மை மன்றாடுகிறோம்."

அனைவருக்காகவும். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

27 ஏப்ரல்

வாசித்தேன். "எங்கள் படகுகளால்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இடறியது. முடித்துவிட்டு, பேசியபடி நிறுத்தினேன். மனதுக்குள் இருபது எண்ணினேன். மின்விசிறிச் சத்தம். பின்னால் யாரோ இருமினார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார், அது எனக்காகவா என்று தெரியாது.

பதில் மெல்ல வந்தது. பெண்கள் பக்கம் முதலில், மூன்றாவது வரிசையிலிருந்து. ஆண்கள் பக்கம் பாதிக்குமேல் வாய் திறக்கவில்லை. தம்பி வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் சொன்னானா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தான். தேநீர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. செருப்பைப் போடும்போது கேட்டான்.

"அக்கா, அவங்க என்ன வலை போடுறாங்களாம்?"